பார்வை மான்

"ஜிங்கெ பாக்கவா வந்தீங்க, தம்பி?"

ஜவளகிரியில் டீக்கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார். ஜிங்கெ என்றால் கன்னடத்தில் மான். ஒரு பேச்சைத் தமிழில் தொடங்கி, கன்னடத்தில் நடத்தி, தெலுங்கில் முடிப்பவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். மானைப் பார்க்க வரவில்லை, அந்தக் காலத்தில் மானைக் காட்டி மானைப் பிடித்தார்களாமே, அதை விசாரிக்க வந்தேன் என்றேன். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அதெல்லாம் எங்க தாத்தா காலத்தோட போச்சு. இப்ப அப்படிப் பேசினாலே கேஸு" என்றார். சொல்லிவிட்டு, நான் எழுந்து போகிறேனா என்று பார்ப்பதுபோலச் சற்று நேரம் சும்மா இருந்தார். நான் போகவில்லை.

அன்று காலை ஓசூரிலிருந்து நண்பரின் பைக்கில் கிளம்பியிருந்தோம். நண்பர் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் பார்ப்பவர். ஒரு நாள் விடுப்புப் போட்டிருந்தார். மாசி மாதக் கடைசி. ஆறு மணிக்கே ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் வரிசைகட்டிப் போயின. வடக்கே ஜூஜூவாடி, அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். நாங்கள் தெற்கே திரும்பினோம். தளி சாலையில் சிறிது தூரம் போனதும் கட்டடங்கள் குறைந்து, ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸ்களின் வெள்ளைக் கூரைகள் வந்தன. தளியைத் தாண்டியதும் காற்று மாறியது. ஜவளகிரிக்கு முன்பே சாலையின் ஒரு பக்கம் காடு சேர்ந்துகொண்டது. டைட்டன் கடிகாரமும் டிவிஎஸ் வண்டியும் அசோக் லேலண்ட் லாரியும் செய்கிற ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் யானை நடக்கிற மண்ணுக்கு வந்துவிடலாம். இப்படி அருகருகே இருப்பதுதான் இந்த வட்டாரத்தின் அழகு. இங்கே விலங்குகளுக்கு வருகிற ஆபத்தும் அதிலிருந்துதான் வருகிறது.

என்னை இங்கே கொண்டுவந்தது ஒரு சொல். பார்வை. நாம் கண்ணுக்கும் நோக்குக்கும் சொல்கிற அதே சொல்லுக்குப் பழந்தமிழில் இன்னொரு பொருளும் உண்டு. காட்டு விலங்கைப் பிடிப்பதற்காக, அதே இனத்தில் ஒன்றை வீட்டில் பழக்கிக் கட்டிவைப்பார்கள். அந்த விலங்குக்குப் பார்வை என்று பெயர். தீவகம் என்றும் சொல்வார்கள். கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கௌதாரி பிடிப்பதை என் சிறுவயதில் நானே பார்த்திருக்கிறேன். கூண்டுக்குள் இருப்பது கூவும்; புதருக்குள் இருப்பது ஓடிவரும். மானிலும் இதே முறைதான்.

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், தொண்டைமான் இளந்திரையனைப் பார்க்கப் போகிற வழியில் எயினர் என்னும் வேடர்களின் குடியிருப்பு ஒன்று வருகிறது. அங்கே ஒரு விளாமரம். பார்வை மானைக் கட்டிக் கட்டி அதன் அடிமரம் தேய்ந்திருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்த மானை வருணிக்கவில்லை. மரம் தேய்ந்ததைத்தான் சொல்கிறார். எத்தனை ஆண்டுகள், எத்தனை மான்கள் அந்தக் கயிற்றில் நின்று திமிறியிருந்தால் மரப்பட்டை அப்படித் தேய்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் வேலையை நம்மிடம் விட்டுவிடுகிறார். அதே பாட்டில் கொஞ்சம் தள்ளி, வறட்சிக் காலத்தில் விலங்குகள் தண்ணீருக்கு வரும் இடத்தைச் சுற்றிக் குழி வெட்டி, இரவில் அதற்குள் ஒடுங்கியிருந்து பன்றிக்காகக் காத்திருப்பதும் வருகிறது. துணை, தண்ணீர் என்று உயிருக்கு அவசியமான இரண்டையும் காட்டி உயிரை எடுக்கத் தெரிந்திருக்கிறது, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே.

பெரியவர் பேசத் தொடங்கியபோது அந்த விளாமரம் என் கண்முன் வந்து நின்றது.

"குட்டியிலேயே தூக்கிட்டு வந்துருவாங்க. பொட்டைக் குட்டிதான். ஆட்டுப்பால் குடுத்து வளக்கறது. பொம்பளைங்க பின்னாடியே சுத்தும், புள்ள மாதிரி. ஒரு ரெண்டு வருசம் ஆனதும் சாயங்காலம் கூட்டிட்டுப் போய்க் காட்டோரமா கட்டிருவாங்க. இவங்க எட்டத்துல, காத்துக்கு எதிர்ல மறைஞ்சு உக்காந்துக்குவாங்க."

"அது கூப்பிடுமா தாத்தா?"

"கூப்பிடணும்னு அதுக்கு என்ன தெரியும்? தனியா நிக்கப் பயந்து கத்தும். வீட்டுக்குப் போகணும்னு கத்தும். கலைமான் அதைக் கேட்டுட்டுத் தனக்குன்னு நெனச்சு வரும்."

இந்த வேட்டையின் தொழில்நுட்பம் முழுவதும் அந்த இரண்டு வரியில் இருக்கிறது. மான் காதாலும் மூக்காலும் வாழ்கிற பிராணி. மனித வாடை காற்றில் வந்துவிட்டால் முன்காலை ஓங்கித் தரையில் தட்டும், வாலைத் தூக்கும், ஒன்று குரல் கொடுத்தால் மந்தை முழுக்க ஓடும். மரத்தின் மேல் குரங்குகளும் அதற்குக் காவல். அப்படிப்பட்ட எச்சரிக்கையை உடைக்க ஒரே வழி, இன்னொரு மான் அங்கே அச்சமில்லாமல் நிற்பதுபோலக் காட்டுவது. தன் இனம் நிற்கிற இடம் பாதுகாப்பான இடம் என்பது மானின் நம்பிக்கை. பார்வை வேட்டை அந்த நம்பிக்கையைத்தான் குறிவைக்கிறது. கோடையை ஒட்டிப் புள்ளிமான் கிடாக்கள் இணை தேடிக் குரல்கொடுக்கிற மாதங்களில் அது இன்னும் எளிதாகப் பலிக்கும். அந்த நாட்களில் கிடா மேய்ச்சலையும் மறந்து, எச்சரிக்கையையும் மறந்து அலையும்.

முறைகள் இடத்துக்கு இடம் மாறின. அக்பர் காலத்து அயினி அக்பரியில், பழக்கிய ஆண் மானின் கொம்பில் வலையைச் சுற்றி அனுப்புகிற வழக்கம் சொல்லப்படுகிறது. காட்டு மான் சண்டைக்கு வரும். கொம்பு வலையில் மாட்டிக்கொள்ளும். அங்கே காதலுக்குப் பதில் பகை. 12ஆம் நூற்றாண்டில் கல்யாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசம் வேட்டைக்கென்றே தனிப் பகுதி ஒதுக்குகிறது; பழக்கிய மானை வைத்து வேட்டையாடுவதும் அதில் உண்டு. கர்நாடகத்தில் ஹரணசிகாரி என்ற சமூகத்தின் பெயரிலேயே மான் இருக்கிறது. பழக்கிய மாட்டின் மறைவில் நடந்து மந்தையை நெருங்குகிற வேடர்களும் இந்தியாவில் இருந்தார்கள். மாட்டைக் கண்டு மான் பயப்படாது. மாட்டுக்குப் பின்னால் நான்கு காலோடு இரண்டு கால் சேர்ந்து நடப்பதை அது எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் மரபில் இந்த வேட்டை அருளுக்கும் உவமையாகிறது. உமாபதி சிவாச்சாரியார் திருவருட்பயனில், இறைவன் மனித வடிவில் குருவாக வருவதற்குப் பார்வை விலங்கைத்தான் உவமை சொல்கிறார். மனிதனைப் பிடிக்க மனித உருவம். சைவப் பெரியவர்கள் இதை 'மானைக் காட்டி மானைப் பிடிப்பது' என்று விளக்குவார்கள். உவமை புரிகிறது, மனம் கட்டிப்போட்ட மானிடமே நிற்கிறது. இராமாயணத்திலோ மானே வேடனை இழுக்கிறது. மாரீசன் பொன்மானாக வந்தான். வில்லெடுத்தவன் பின்னால் போனான். பின்னால் போனதால் வந்தது அத்தனையும் நமக்குத் தெரியும்.

பெரியவரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். கிடா விழுந்த பிறகு அந்தப் பெட்டை என்ன செய்யும்?

"ரெண்டு நாள் புல்லைத் தொடாதாம். எங்க பாட்டி சொல்லும். அவுத்துக் கூட்டிட்டு வந்தா பாட்டி மடியில தலைய வெச்சுக்குமாம்." அவர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "பாட்டிதான் வேணாம்னு நிறுத்துச்சு. தாத்தா இல்ல."

ஜவளகிரிக்கு வேட்டை இலக்கியத்தில் ஓர் இடம் உண்டு. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910-1974) 1954இல் வெளியிட்ட தன் முதல் புத்தகத்தைத் தொடங்குவதே ஜவளகிரியின் ஆட்கொல்லிப் பெண்புலியை வைத்துத்தான். துணையை இழந்த புலி அது. ஆட்களை அடித்துக்கொண்டிருந்த அந்தப் புலியை வீழ்த்த எருமை கட்டியும், வேறு பலவிதமாகவும் முயன்ற பிறகு, கடைசியில் ஆண்டர்சன் ஆண்புலியின் குரலைத் தன் தொண்டையால் எழுப்பினார். அது பதில் குரல் கொடுத்துக்கொண்டே அவரிடம் வந்தது. அதை அவர் சுட்டார். அந்தப் புலியைச் சுடவேண்டிய கட்டாயம் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது உயிரோடு இருந்திருந்தால் இன்னும் பல வீடுகளில் ஒப்பாரி எழுந்திருக்கும். ஆனாலும் அந்தப் பக்கங்களைப் படித்த நாளிலிருந்து, அது பதில் சொல்லிக்கொண்டே வந்தது என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அதே ஜவளகிரியின் சாலையில் இப்போது நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். மூங்கில் புதர்கள் காய்ந்து வைக்கோல் நிறத்தில் இருந்தன.

இன்று அந்தக் குரலுக்குத் தொண்டை தேவையில்லை. ஒரு செல்போனும் சின்ன ஸ்பீக்கரும் போதும். காடையும் கௌதாரியும் பிடிக்கிறவர்கள் பதிவுசெய்த குரலை ஓடவிட்டு வலை விரிப்பது தமிழ்நாட்டில் பல இடங்களில் நடக்கிறது. துப்பாக்கி எடுக்காதவர்களும் இதைச் செய்கிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். படம் எடுப்பதற்காகப் பறவையின் குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுகிறார்கள். கூடு கட்டும் காலத்தில், எதிரி வந்துவிட்டான் என்று அந்தப் பறவை முட்டையை விட்டுவிட்டு வந்து தவிக்கிறது. இதையும் நான் பார்வை வேட்டையோடுதான் சேர்ப்பேன்.

தேன்கனிக்கோட்டையில் சாப்பிட்டுவிட்டு அஞ்செட்டி சாலையில் இறங்கினோம். சாலை வளைந்து வளைந்து காட்டுக்குள் போகிறது. ஓசூர் வனக்கோட்டத்தின் இந்தக் காடுகள் ஒரு பக்கம் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா தேசியப் பூங்காவோடும், இன்னொரு பக்கம் காவிரிக் கரையோடும் தொடர்கின்றன. 2014இல் இங்கே 504 சதுர கிலோமீட்டர் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்குச் சரணாலயமானது. புள்ளிமான், கடமான், கேளையாடு, நான்கு கொம்புள்ள சின்ன மான், காட்டெருமை, யானை எல்லாம் வாழ்கிற இடம். நாங்கள் போன மதியத்தில் ஒரு மயிலைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. வெயில் அப்படி.

வழியில் சாலையோரம் நிழலில் ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர் உட்கார்ந்திருந்தார். வண்டியை நிறுத்தி, பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கொடுத்தேன். இருபத்தைந்து வயது இருக்கும். இந்தக் காட்டிலேயே பிறந்தவர். காலையிலிருந்து நடந்து வந்திருக்கிறார். இப்போது எப்படிப் பிடிக்கிறார்கள் என்று நான் கேட்டதற்கு, தன் பையிலிருந்து ஒரு சுருளை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"இதுதான் சார் இப்ப."

பைக்கின் கிளட்ச் ஒயர். ஒரு முனையில், கைப்பிடியில் மாட்டுகிற சின்ன உலோகக் குமிழ் அப்படியே இருந்தது. மறுமுனையைச் சுற்றி மரத்தில் முறுக்கியிருந்த இடம் துருப்பிடித்துச் சிவந்திருந்தது. நடுவில் சுருக்காக இருந்த பகுதி மட்டும் பளபளவென்று வெள்ளையாக மின்னியது. புது ஒயரோ என்று முதலில் நினைத்தேன். விரலால் தொட்டபோதுதான் விளங்கியது: உள்ளே மாட்டியது இழுத்து இழுத்து அதைத் தேய்த்திருக்கிறது. இழைகளுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் மூன்று நான்கு மயிர்கள் சிக்கியிருந்தன. நண்பர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார். அவருடைய கை தினமும் பிடிக்கிற பொருள் அது. பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும். அதை வாங்கிக் காட்டுக்குக் கொண்டுபோவதற்கு வேட்டைக் குலத்தில் பிறந்திருக்கத் தேவையில்லை. காட்டைத் தெரிந்திருக்கக்கூடத் தேவையில்லை. மான் வரும் தடம் ஒன்று தெரிந்தால் போதும். பார்வை மானை வளர்க்க இரண்டு ஆண்டு பொறுமை வேண்டும். இதற்கு எதுவும் வேண்டாம். வைத்தவன் மறந்தே போனாலும் கண்ணி காத்திருக்கும். மானுக்கு வைத்ததில் சிறுத்தை மாட்டும், நாய் மாட்டும், கன்றுக்குட்டி மாட்டும்.

"கோடையில தண்ணிகிட்டதான் சார் வெப்பாங்க. உப்பு மண்ணு இருக்கற எடத்துல வெப்பாங்க. ஆலம்பழம் உதிர்ற மரத்தடியில வெப்பாங்க. மானுக்கு எது பிடிக்குமோ அங்க நாங்க நடக்கணும்." அவர் வேலையை அவரே இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தருகிற விளக்கம் கொல்வதோடு நிற்பதில்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை காட்டி ஈர்ப்பது, இவற்றில் எதற்கும் முயல்வது எல்லாமே வேட்டைதான். ஆகவே மானை ஈர்ப்பதற்காக ஒன்றைக் கட்டிவைத்தவர், மான் வராமலே போனாலும், குற்றம் செய்தவர். உரிமம் வாங்கி வேட்டையாடுகிற வழியும் 1991இல் அடைக்கப்பட்டது. நல்ல சட்டம். ஆனால் அதைக் காட்டில் நடந்து காப்பாற்றுகிறவர்களில் பலர் குறைந்த கூலியில், பணி நிரந்தரம் இல்லாமல் நடக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல காலணியும் நிலையான சம்பளமும் கிடைத்தால் ஆயிரம் அறிவிப்புப் பலகைகளைவிட அதிகம் மான் பிழைக்கும் என்று நான் நம்புகிறேன்.

வேட்டை சட்டப்படி நடக்கிற நாடுகளில் இந்த ஈர்ப்பு வித்தை வேறு வடிவத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் பிளாஸ்டிக்கிலும் நுரையிலும் செய்த மான் உருவங்களைக் கடையில் விற்கிறார்கள். அதை வாங்குகிறவர்களுக்குச் சொல்லப்படுகிற முதல் பாடமே, காட்டுக்குள் தூக்கிப்போகும்போது செம்மஞ்சள் துணியால் சுற்றிக்கொண்டு போ என்பதுதான். தோளில் மான் பொம்மையோடு புதருக்குள் நடக்கிறவன், எதிரே துப்பாக்கியோடு இருக்கிறவன் கண்ணுக்கு மான்தான். அந்தச் செம்மஞ்சள் மனிதக் கண்ணை உறுத்தும். மானின் கண்ணுக்கு அப்படி எடுப்பாகத் தெரியாது. பொம்மையை எங்கே நிறுத்துவது, தான் எந்தப் பக்கம் மரத்தை முதுகுக்கு வைத்து உட்காருவது என்பதிலும் அதே கவலை: பொம்மைமேல் வருகிற குண்டு தன்மேல் படக்கூடாது. அங்கே பல மாநிலங்களில் வனக் காவலர்களே தலையும் வாலும் ஆட்டுகிற இயந்திர மானைச் சாலையோரம் நிறுத்திவைத்து, இரவில் காரிலிருந்தபடி சுடுகிற திருட்டு வேட்டைக்காரர்களைப் பிடிக்கிறார்கள். மானைக் காட்டி மனிதனைப் பிடிப்பது. இதைப் படித்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது.

மான் என்று நினைத்துச் சுட்டது வேறாகிப் போவது நம் கதைகளில் பழைய செய்தி. பாண்டு எய்தது மானுருவில் கூடியிருந்த முனிவரை. ஜரன் என்ற வேடன் எய்தது கண்ணனின் பாதத்தை. இந்த மாவட்டங்களின் மலையோரங்களில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் ஊர் ஊராகக் கேட்டு வந்திருக்கின்றன. இருட்டில், புதர் அசைவதை நம்பிச் சுடுகிற துப்பாக்கிக்குப் பாதுகாப்பான முறை என்று ஒன்று கிடையாது. விறகுக்குப் போனவரும், ஆடு தேடிப் போனவரும், கூட வந்த தம்பியும் அதே புதருக்குப் பின்னால் இருக்கலாம்.

முந்தின நாள் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்திருந்தேன். இந்த மாவட்டம் நடுகற்களின் மாவட்டம். புலியோடு பொருது இறந்தவன், பன்றியைக் குத்தி இறந்தவன், ஊர் மாட்டை மீட்கப் போய் இறந்தவன் என்று கல்லில் நிற்கிறார்கள். சில கற்களில் வீரனின் காலடியில் நாயும் இருக்கிறது. மானைக் கொன்றவனுக்கு நட்ட கல் ஒன்றையும் நான் எங்கும் பார்த்ததில்லை. மான் திருப்பித் தாக்காது. அதனிடம் தோற்று இறந்தவன் இல்லை. ஆகவே கல்லும் இல்லை.

அஞ்செட்டி நெருங்கும்போது காடு விலகி வயல் வந்தது. கேழ்வரகு அறுத்து முடித்திருந்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் மழைக்காலம் ஓய்ந்து கேழ்வரகுக் கதிர் முற்றுகிற நேரத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் எல்லை தாண்டி வருகின்றன. தேன்கனிக்கோட்டை, சானமாவு, சூளகிரி என்று நகர்ந்து நெடுஞ்சாலை வரைக்கும் வந்துவிடும். ஒரு கேழ்வரகு வயல் யானைக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துப் பார்க்கிறேன். காட்டில் ஒரு நாள் முழுக்க நடந்து தேடவேண்டிய உணவு ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறது. யாரும் அதைப் பொறியாக வைக்கவில்லை. உழவர் தன் பிள்ளைகளுக்காக விதைத்தது அது. ஆனாலும் அது ஈர்க்கிறது. வயலைச் சுற்றி யாரோ ஒருவர் மின்கம்பத்திலிருந்து நேரடியாகக் கம்பியில் மின்சாரம் விட்டுவிட்டால் அது பொறியாகவே ஆகிவிடுகிறது. 2023 மார்ச்சில், இங்கிருந்து தொலைவில்லாத தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு சட்டவிரோத மின்வேலியில் மூன்று பெண்யானைகள் இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் அந்த உடல்களைச் சுற்றிக்கொண்டே நின்றன. யானை இறந்தால் அது செய்தி ஆகிறது. அதே கம்பியில் மான் மாட்டினால் பெரும்பாலும் செய்தி ஆவதில்லை.

இந்த எல்லை நிலம் முழுவதுமே ஒரு பொறியாக ஆகிக்கொண்டிருக்கிறது என்பதுதான் இந்தப் பயணத்தில் என்னை உறுத்தியது. காட்டோரத்துச் சொட்டுநீர்ப் பாசனம், கோடையிலும் பச்சையாக இருக்கிற தோட்டம், மாட்டுத் தொட்டி, உப்புச் சுவையோடு கிடக்கிற சாப்பாட்டுப் பொட்டலம், இவை எல்லாமே மானைக் கூப்பிடுகின்றன. வெளியே வந்தால் தெருநாய், வேகமாக வருகிற வண்டி, கிளட்ச் ஒயர். கட்டிவைத்த பெட்டைமான் தன்னை அறியாமல் கூப்பிட்டதைப் போலத்தான் நாமும் கூப்பிடுகிறோம்.

அழைப்பதை நல்லதற்கும் பயன்படுத்த முடியும். மானைக் கையால் பிடித்தால் அதிர்ச்சியிலேயே இறந்துபோகும். தசைகள் செயலிழந்து, பிடித்துச் சில நாட்கள் கழித்தும் சாகும். அதனால் மத்தியப் பிரதேசத்தில், ஓரிடத்திலிருந்து இன்னொரு காட்டுக்குப் புள்ளிமான்களைக் கொண்டுபோக ஆப்பிரிக்க முறையான போமாவைப் பயன்படுத்துகிறார்கள். புனல் வடிவத்தில் துணித்தடுப்புக் கட்டி, உள்ளே தீவனம் வைத்துப் பழக்கி, மந்தை தானாகவே குறுகிய முனைக்கு நகர்ந்து லாரியில் ஏறும்படி செய்வது. யாரும் தொடுவதில்லை. மான்களுக்கு மனிதன் கண்ணிலேயே படுவதில்லை. அழைத்தலின் பாதுகாப்பான வடிவம் என்றால் என்னால் இதைத்தான் சொல்ல முடியும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், காட்டோர ஊர்களில் இருக்கிற எல்லாருக்கும். புல்லுக்குள் தனியாகப் படுத்துக்கிடக்கிற மான்குட்டி அநாதை அல்ல. தாய்தான் அதை அங்கே படுக்கவைத்துவிட்டு மேயப் போயிருக்கிறது. குட்டிக்கு வாடை மிகக் குறைவு, அசையாமல் கிடக்கும், அதுதான் அதற்குக் காவல். பாவம் பார்த்து வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டால் அது காட்டுக்குத் திரும்பவே திரும்பாது. பார்வை மானின் கதை தொடங்குவது அந்த இடத்தில்தான், பால் புட்டியோடு.

அஞ்செட்டியிலிருந்து திரும்பும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. இருட்டுவதற்குள் காட்டைத் தாண்டிவிடவேண்டும் என்று நண்பர் அவசரப்பட்டார். ஆனாலும் தண்ணீர் தீர்ந்துபோயிருந்ததால், ஊர்க் கடைசியில் ஓடு வேய்ந்த ஒரு வீட்டின் முன் நிறுத்தினோம். ஐம்பது வயது இருக்கும் அந்த அம்மா சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டுக்குப் பக்கத்தில் சிமெண்ட் தொட்டி, மாடுகளுக்கு. அதற்குப் பின்னால் அறுத்த வயல், அதற்கும் பின்னால் காடு.

"மான் வருங்களாம்மா இங்க?"

"ரெண்டு மாசமா வருதுங்க. காட்டுக்குள்ளயும் தொட்டி கட்டித் தண்ணி விடறாங்க. அங்க யானை நின்னுக்குது, இதுங்க என்ன பண்ணும்?"

புறநானூற்றில் வீரை வெளியனார் பாடிய ஒரு பாட்டு உண்டு, 320ஆவது. ஒரு வேடன் வீடு. முற்றத்தில் முன்னைக்கொடியும் முசுண்டைக்கொடியும் படர்ந்து நிழல். வேடன் அயர்ந்து தூங்குகிறான். அவன் பழக்கிக் கட்டிவைத்திருந்த பார்வை மானோடு, காட்டிலிருந்து வந்த ஒரு தனிக் கலைமான் கூடி விளையாடுகிறது. வேட்டை தானாகவே வாசலுக்கு வந்துவிட்டது. கணவனை ஒரு குரல் கொடுத்து எழுப்பினால் போதும். அவன் மனைவி அசையாமல் நிற்கிறாள். அவன் எழுந்துவிடுவானோ என்று பயப்படுகிறாள். கலை பெட்டையை விட்டுப் போய்விடுமோ என்றும் பயப்படுகிறாள். நடமாட்டமே இல்லாத அந்த அமைதியில், மான்தோலில் காயப்போட்ட தினையைக் காட்டுக்கோழிகள் வந்து தின்கின்றன. நான் இந்தப் பயணத்துக்குக் கிளம்பியதே அவளால்தான். பெரியவரின் பாட்டியைப் பற்றிக் கேட்டபோதும் அவள்தான் நினைவுக்கு வந்தாள்.

சொம்பைத் திருப்பிக் கொடுக்கக் கை நீட்டினேன். அந்த அம்மா வாங்கவில்லை. அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். திண்ணையோரம் படுத்திருந்த நாய் காதை நிமிர்த்தியது. அவர் சட்டென்று குனிந்து அதன் வாயை ஒரு கையால் பொத்தினார். இன்னொரு கையை எங்களை நோக்கி விரித்துக் காட்டினார்.

ஐந்து மான்கள். வயல் வரப்பில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முன்னால் வந்த பெட்டை தொட்டிக்குப் பத்தடி முன்பே நின்று, ஒரு காதை வீட்டுப் பக்கமும் ஒரு காதைச் சாலைப் பக்கமும் திருப்பியது. தோள் மேல் தோல் சிலிர்த்தது. பிறகு முன்கால்கள் இரண்டையும் அகட்டி வைத்துக் குனிந்து குடிக்கத் தொடங்கியது. தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மற்றவை வந்து சேர்ந்தன. கடைசியாக ஒரு கிடா, கொம்பில் இன்னும் வெல்வெட் உரியாமல், வரப்பிலேயே நின்றது.

நாய் முனகியது. அவர் பிடியைத் தளர்த்தவில்லை. அதன் தலையைத் தன் முழங்காலோடு அணைத்துக்கொண்டார். நண்பர் சாவிமேல் வைத்திருந்த கையை மெல்ல எடுத்தார்.